பத்து நாப்பதுக்கு வர்ற அழுகை

பனையடிக்குளத்துல கண்ணீர் ஆள் மாறி வர ஆரம்பிச்சது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு வேற விசேஷம் ஒண்ணும் கெடையாது. மழை இல்ல, இடி இல்ல, முனிசிபாலிட்டி தண்ணி வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து ஆறேகாலுக்கு நின்னுச்சு, பால்காரரு வழக்கம்போல அதுல பாதிய கேனுக்குள்ள விட்டாரு, அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல கல்யாண மண்டபத்துல பதினோரு பொம்பளைங்க ரெண்டு மூட்டை சின்ன வெங்காயத்தை உரிக்க உக்காந்தாங்க. உரிக்க உரிக்க ஒருத்தி கண்ணுலயும் ஒரு சொட்டு இல்ல. அதே நேரத்துல கொளத்துக்கு அந்தப் பக்கம் ஹைஸ்கூல்ல, இருபத்தாறு வருஷமா பிள்ளைகளை அழவச்சே பழகுன கணக்கு வாத்தியார் ஆறுமுகநயினாரு, போர்டுல முக்கோணம் போட்டுக்கிட்டு இருந்தவரு, பொலபொலன்னு அழுதாரு. பொம்பளைங்க காப்பி குடிக்க எந்திரிச்சா வாத்தியாருக்கு நின்னுச்சு, திரும்ப உக்காந்தா திரும்ப வந்துச்சு. "சார், முக்கோணம் உங்களுக்கும் கஷ்டமா சார்?"ன்னு முன் பெஞ்சுல ஒரு பொண்ணு கேட்டுச்சாம், வாத்தியாரு முதல் தடவையா ஆமான்னு தலையாட்டுனாராம்.

இதுக்கு ஒரு சட்டம் இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சது அதுக்கடுத்த வாரம். மேலத்தெருவுல பெரிய வீட்டுக்காரரு செத்துப்போயி, அவரு சம்சாரம் மூணு நாளா கல்லு மாதிரி உக்காந்திருந்தா, வந்த சொந்தமெல்லாம் முந்தானைக்குள்ள குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சிருச்சு. நாலாம் நாள் காலையில சலூன் வச்சிருக்க கண்ணாயிரம் அந்த வீட்டு நடுஹால்ல வந்து நின்னாரு. அவங்க அப்பா காலத்துல இருந்து அந்த வீட்டுக் கொல்லைப்பக்கத்தைத் தாண்டி கண்ணாயிரம் குடும்பத்துல ஒருத்தரும் உள்ள வந்தது கெடையாது. மூணு நாளா கத்தி பிடிக்க முடியாம கண்ணுல ஊத்துது அவருக்கு. "ஆத்தா, இது உங்களுதா?"ன்னு கேட்டாரு. அந்தம்மா அவரு மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அவரு இருமுற சத்தம் எனக்குப் பிடிக்காது கண்ணாயிரம், போதும் நிறுத்துங்கன்னு கத்துவேன், இப்ப வீடே சத்தமில்லாம கெடக்கு"ன்னு சொன்னா. சொன்ன உடனே கண்ணாயிரம் கன்னம் காஞ்சுச்சு, அந்தம்மா கண்ணு நெறஞ்சுச்சு. ஆக, சட்டம் இதுதான்: ஒருத்தரு அழுகை இன்னொருத்தரு கண்ணுல வரும், வந்தவரு தேடிப் போயி எதிர்ல உக்காரணும், உடையவரு என்ன ஏதுன்னு வாயத் தொறந்து சொல்லணும், சொன்னா கண்ணீர் அதது வீட்டுக்குப் போயிரும்.

அதுக்கப்புறம் ஊரு ரொம்ப அலட்டிக்கல. யாராவது அழுதா "ஏன் அழுற"ன்னு கேக்கறது போயி, "யாரோடது?"ன்னு கேக்கற வழக்கம் வந்துச்சு. டீக்கடையில அழுறவங்களுக்குன்னு தனியா ஒரு பெஞ்சு போட்டாங்க. கோயில் மைக்குல, "சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தர் இங்க ஒரு மணி நேரமா அழுதுக்கிட்டு இருக்காரு, உடையவங்க வந்து வாங்கிக்கிடவும்"னு சொன்னாங்க. மருமக அழுகை மாமியா கண்ணுல வந்த வீடு மட்டும் நாலு. அந்த நாலு வீட்டுலயும் சாம்பார்ல உப்பு கூடவா குறையவாங்கற பேச்சே அத்தோட நின்னு போச்சு.

மின்னல்கொடி மினி பஸ் கண்டக்டர் கோமதிநாயகத்துக்கு மட்டும் இதெல்லாம் சும்மா வேடிக்கை. நாப்பத்தேழு வயசு, முழங்கை வரைக்கும் மடிச்ச காக்கிச் சட்டை, கழுத்துல கறுப்புக் கயிறு, கயித்துல விசிலு. அவரு பஸ்ஸுல ஸ்டாப்பு பேரை அவரு குரல்ல கூப்பிட மாட்டாரு. எந்த ஸ்டாப்புல யாரு எறங்குறாங்களோ அவங்க குரல்ல கூப்பிடுவாரு. பூக்காரி பேச்சியக்கா எறங்குனா கரகரன்னு, "ஏ, கோயில் வாசல் வந்துட்டு, எறங்குறவ எறங்கு, மசமசன்னு நிக்காத"ன்னு அவளா மாறிருவாரு. ரிட்டையர்டு தாசில்தாரு எறங்குனா மூணு செருமல், ஒரு "ம்", அப்புறம் "தாலுகா ஆபீஸ்." ஒரு வினாடி முந்தாது, ஒரு வினாடி பிந்தாது, பஸ்ஸே சிரிப்புல குலுங்கும். அவரு வாயில தன் குரல் வர்றதுக்காகவே அடுத்த பஸ்ஸுல போகாம இதுக்குக் காத்திருந்த ஆளுங்க உண்டு.

அந்தக் கூட்டத்துல தவசிமுத்துவும் ஒருத்தன். முப்பத்தாறு வயசு, மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் பாக்கறவன், தபால்பெட்டி முக்குல கடை. அவனுக்குப் பேச்சு திக்கும். அவன் எறங்கும்போது கோமதிநாயகம் படிக்கட்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி, தாடையை லேசா முன்னாடி தள்ளி, "த... த... த..."ன்னு ஆரம்பிப்பாரு, பின்சீட்டுப் பிள்ளைங்க கூடச் சேந்துக்குவாங்க, மொத்த பஸ்ஸும் "த... த..."ன்னு ஒரு தாளமா ஓடி, கடைசியில "தபால்பெட்டி முக்கு!"ன்னு போய் முட்டி நிக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. எல்லாரையும் விட சத்தமா தவசிமுத்து சிரிப்பான். கோமதிநாயகத்துக்கு அதுல ஒரு பெருமை. "பாத்தியா, சம்பந்தப்பட்டவனே ரசிக்கான்"னு டிரைவர் சூசைகிட்ட சொல்லுவாரு. சூசை கியர் மாத்துவாரு.

ரெண்டு மாசமா தவசிமுத்து டிக்கெட்டை மாத்திட்டான். "ஆ... ஆஸ்பத்திரி"ம்பான். முக்குக்கு அடுத்த ஸ்டாப்பு அது. "யாருக்குடே முடியல?"ன்னு கேட்டா சிரிப்பான். பொண்டாட்டிக்குத்தான்னு பஸ்ஸே முடிவு பண்ணிருச்சு. பேச்சியக்கா அம்மனுக்கு நேந்துக்கிட்டா. கோமதிநாயகம் ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்குன்னு புதுசா ஒரு இருமல் தயார் பண்ணுனாரு.

அந்த நேரத்துலதான் அவருக்கு அழுகை வந்துச்சு. தினமும் பத்து நாப்பதுக்கு, பஸ்ஸு ரயில்வே கேட்டைத் தாண்டும்போது, அலாரம் வச்ச மாதிரி. சும்மா கண்ணோரம் கசியறது இல்ல, தோள் குலுங்கி மூக்கடைக்கிற அழுகை. அழுதா அழட்டும்னு ஊரு விட்டுரும், விசிலு விட்டுருமா? ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ. விம்மிக்கிட்டே ஊதுனா அது ஒண்ணா ரெண்டா ஏழான்னு யாருக்குத் தெரியும்? சூசை நிப்பாட்டுவாரு, எடுப்பாரு, திரும்ப நிப்பாட்டுவாரு. "யோவ், இது விசிலா கொக்கரிப்பா?"ம்பாரு. பின்னாடி வர்ற வெள்ளைக்குதிரை பஸ்ஸு ஹாரனை அமுக்கிக்கிட்டே முந்திப் போயி அடுத்த ரெண்டு ஸ்டாப்பு ஆளுங்களை அள்ளிக்கிட்டுப் போயிரும். மினி பஸ்ஸுக்கு உசுரே டைமிங்தான்.

மூணு வாரம் பொறுத்த மொதலாளி சங்கரபாண்டியன் ஒரு திங்கக்கிழமை கூப்பிட்டாரு. "கோமதி, அழுகிறது தப்பில்லவே. எங்க வீட்டுல என் கண்ணுல தினம் யாரோ அழுறாங்க, நான் என்ன கடையவா மூடிட்டேன்? ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள யாரோடதுன்னு கண்டுபிடிச்சு ஒப்படைச்சிட்டு வாரும். இல்லன்னா விசிலைக் கழத்தி வச்சிரும், வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

கோமதிநாயகம் வீட்டுக்கு வந்து விசிலைக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. இருபத்திரண்டு வருஷம். அவருக்கு ஊருல ஒரு மூஞ்சின்னு இருந்துச்சுன்னா அது அந்தப் படிக்கட்டுல நின்ன மூஞ்சிதான்.

ஆஸ்பத்திரியத் தாண்டுனதுக்கு அப்புறம்தானே அழுகை வருது, அப்ப ஆஸ்பத்திரியில இருக்க யாரோடதோதான்னு கணக்குப் போட்டாரு. செவ்வாயும் புதனும் அரை நாள் லீவு போட்டு வார்டு வார்டா போனாரு. பத்து நாப்பதுக்கு அழுதுக்கிட்டே கட்டில் கட்டிலா நின்னு, "எக்கா, உங்களுதா?" "ஐயா, உங்களுதா?" அவங்கவங்க கண்ணீர் எங்க போச்சுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருந்த சனம், நல்லதா ஒரு ஆள் கெடைச்சாருன்னு அவரு முன்னால வரிசை கட்டிருச்சு. கிட்னியில கல்லு, கோவிச்சுக்கிட்டுப் போன மகன், பேத்திக்கு மொட்டை போடலன்னு சாமி குத்தம், எல்லாத்தையும் அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிச் சொல்லி, "நகந்துச்சா? நகரலையா?"ன்னு கன்னத்தத் தொட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் நகரல. ஆனா ரெண்டு நாள்ல அவரு அவரோட மொத்த சர்வீசுல கேட்டதை விட நெறைய கேட்டுட்டாரு. ஒரு குரலையும் திருப்பிப் பேசிப் பாக்கணும்னு தோணாதது அவருக்கே அதிசயமா இருந்துச்சு.

புதன்கிழமை வெளிய வரும்போது கேட்டு வாட்ச்மேன் சுடலைக்கண்ணு பிடிச்சுக்கிட்டாரு.

"என்ன அண்ணாச்சி, கெடைச்சுதா?"

"இல்லப்பா. ஆமா, நம்ம தவசி பொண்டாட்டி எந்த வார்டு? அந்தப் பிள்ளையோடதா இருக்குமோ?"

"யாரு, மிக்ஸி தவசியா? அவன் பொண்டாட்டி நேத்து சந்தையில தனியாளா அரிசி மூட்டையத் தூக்கிட்டுப் போனா. அவன் இங்க எங்க வர்றான்? உங்க பஸ்ஸுல இருந்து எறங்குவான், பஸ்ஸு வளைவுல மறையுற வரைக்கும் இந்த மரத்துக்கிட்ட நிப்பான், அப்புறம் வந்த வழியிலயே திரும்ப நடப்பான்."

"எங்க?"

"எங்கன்னா? அவன் கடைக்கு."

வியாழக்கிழமையும் கோமதிநாயகம் லீவு கேக்க, அன்னைக்கு மட்டும் விசிலை மொதலாளியே வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டாரு. கோமதிநாயகம் ஆஸ்பத்திரி மரத்துக்குப் பின்னாடி நின்னாரு. தவசிமுத்து எறங்குனான். பஸ்ஸு வளைவுல மறைஞ்சுச்சு. அவன் கைக்குட்டைய விரிச்சுத் தலையில போட்டுக்கிட்டு நடந்தான், முக்கால் கிலோமீட்டர், ஒரு மர நெழல் கெடையாது, தாரு செருப்புல ஒட்டுது. கோமதிநாயகம் இருபதடி தள்ளிப் பின்னாடியே போனாரு. இந்த ரோட்டுல ஒரு நாளைக்குப் பதினாறு தடவை போறவருக்கு, அது இவ்வளவு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

தவசிமுத்து ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிஞ்சு உள்ள போனான். கோமதிநாயகம் வெளியவே நின்னாரு. உள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு. ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி, கணீர்னு, வழுக்கிக்கிட்டு வர்ற குரல்.

"தபால்பெட்டி முக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. தபால்பெட்டி முக்கு. அண்ணாச்சி, நான் தவசிமுத்து, தபால்பெட்டி முக்குல எறங்கணும்."

குனிஞ்சு பாத்தாரு. உள்ள வேற ஆள் இல்ல. அலமாரி முழுக்க மூடியில்லாத மிக்ஸி, அதுங்களைப் பாத்து தவசிமுத்துதான் பேசிக்கிட்டு இருந்தான். ஒரு தடங்கல் இல்ல, ஒரு இழுவை இல்ல. கோமதிநாயகம் வாட்ச்சைப் பாத்தாரு, பத்து நாப்பது. கண்ணுல இருந்து வாளி கவுந்த மாதிரி கொட்டுச்சு.

ஷட்டருக்கு அடியில குனிஞ்சு நுழைஞ்சாரு. தவசிமுத்து திரும்பிப் பாத்தான். அவன் கண்ணு வறவறன்னு காஞ்சு கெடந்துச்சு.

"இது உன்னுதாடே?"

"ஆ... ஆமா."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"மொ... மொத... மொ..."

"மொத நாளே தெரியுமா?"

தவசிமுத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வச்சான்.

"மொ... மொதல்ல உ-உக்காருங்கன்னு சொல்ல வந்தேன்."

கோமதிநாயகம் ஒரு கவுத்துப்போட்ட கிரைண்டர் கல்லு மேல உக்காந்தாரு. "சரி சொல்லு. என்மேல..."

"கோ... கோ..."

"கோவமா?"

"கோ... கோமதி அண்ணாச்சி." தவசிமுத்து மூச்சு வாங்குனான். "நீங்க மு-முடிச்சு வச்ச ஒரு பேச்சும் நான் ஆ-ஆரம்பிச்சது இல்ல."

கோமதிநாயகம் பக்கத்துல கெடந்த ஒரு மிக்ஸி ஜார் மூடிய எடுத்து ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. வாழ்நாள் பூரா எந்த இடத்துல எந்த வார்த்தைய எப்ப தூக்கிப் போடணும்னு ஒரு வினாடி பிசகாம பழகுன வாயி, அடுத்தவன் வார்த்தை வழியில நிக்கும்போது நாக்கு நுனியில பதில் குதிக்குது, துடிக்குது. மூடிய இறுக்கிக்கிட்டே சும்மா உக்காந்திருந்தாரு. ஒத்தையில இருந்தா மழை மாதிரி பேச்சு வரும்னும், எதிர்ல ஒரு மூஞ்சி வந்தா 'த'ன்னு ஒரு எழுத்து ரயில்வே கேட்டு மாதிரி விழுந்திரும்னும், 'ஆ'வுக்கு மட்டும் பாதி கேட்டு தொறந்திருக்கும்னும், அதனாலதான் ஆஸ்பத்திரின்னு டிக்கெட்டு வாங்குனேன்னும், தவசிமுத்து ஒவ்வொண்ணா எடுத்து வச்சான். அதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. நடுவுல ஒரு வார்த்தைக்கு மட்டும் ஃபேன் நூறு சுத்து சுத்தியிருக்கும். கோமதிநாயகம் வாயத் தொறக்கல.

"நா-நான் சிரிப்பேன்ல, ப-பஸ்ஸுல. எல்லாரையும் விட ச-சத்தமா. அது சா-சாயங்காலம் வரைக்கும் வலிக்கும் அண்ணாச்சி. இந்தத் தா... தா..."

கோமதிநாயகத்துக்கு அது தாடைன்னு தெரியும். அந்தத் தாடைய எத்தனை தடவை முன்னாடி தள்ளிக் காட்டியிருக்காரு. ஜார் மூடி அவரு கையில ரெண்டா ஒடஞ்சுச்சு, ஆனா அவரு சொல்லல.

"...தாடை."

அவரு கன்னம் சில்லுன்னு காஞ்சுது. எதிர்ல தவசிமுத்து கண்ணு நெறஞ்சு, வழிஞ்சு, சட்டை நனஞ்சது. அந்த நேரம் பாத்து ஒரு அம்மா ஜாரைத் தூக்கிக்கிட்டு ஷட்டருக்குள்ள தலைய நீட்டுனா. "யாரோடதுப்பா?"

"எ-என்னுதுதான்க்கா."

"உன்னுது உனக்கே வந்துட்டா? நல்லதாப் போச்சு. அழுதுக்கிட்டே பிளேடை மாத்திக் குடு, சட்னி அரைக்கணும்."

கோமதிநாயகம் எந்திரிக்கும்போது ஒடஞ்ச மூடிய மேசையில வச்சாரு. "நாளைக்கு உன் ஸ்டாப்பை நான் கூப்பிட மாட்டேன்டே."

"அப்ப யா-யாரு?"

"யாருக்கு வேணுமோ அவங்க."

வெள்ளிக்கிழமை முன்சீட்டுல மொதலாளி வாட்ச்சைக் கையில கழத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கோயில் வாசலுக்கு கரகரப்பு வந்துச்சு, தாலுகா ஆபீசுக்கு மூணு செருமல் வந்துச்சு, பஸ்ஸு குலுங்குச்சு, மொதலாளியே லேசா சிரிச்சாரு. கோமதிநாயகம் வேலை நிக்குமா போகுமான்னு பாக்க, பேச்சியக்காவும் தாசில்தாரும் அன்னைக்கு அவங்க ஸ்டாப்புல எறங்கவே இல்ல. தபால்பெட்டி முக்குல ஒரு விசிலு. பஸ்ஸு நின்னுச்சு. ஒண்ணும் வரல.

எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. "என்னவே, தொண்டை கட்டிக்கிட்டா?"ன்னா பேச்சியக்கா, "த... த..."ன்னு தானே எடுத்துக் குடுத்தா. கோமதிநாயகம் ஒரு விரலைத் தூக்குனாரு. கண்டக்டரு சும்மா இருன்னு விரலைத் தூக்கி அந்த பஸ்ஸு பாத்ததே கெடையாது. சத்தம் அடங்குச்சு. மூணாவது சீட்டுல இருந்து தவசிமுத்து எந்திரிச்சு, ஆளுங்களை ஒதுக்கிக்கிட்டு வந்து, படிக்கட்டுல கம்பியப் பிடிச்சு நின்னான், கோமதிநாயகம் நிக்கிற எடத்துல.

"த..."

கேட்டு விழுந்துச்சு.

பின்னாடி வெள்ளைக்குதிரை வந்து நின்னு ஹாரனை அமுக்குச்சு. ரோடு குறுகல், முந்த முடியாது. சூசை கியரை நியூட்ரலுக்குத் தள்ளிட்டு ஸ்டியரிங் மேல கையக் கட்டிக்கிட்டாரு. "த... த..." பின்சீட்டுப் பிள்ளைங்க வாயில கைய வச்சுக்கிட்டாங்க. தாசில்தாரு செருமலைக் கூட முழுங்கிட்டாரு. ஒரு நிமிஷம் ஆச்சு.

"விசிலை அடியும்வே!"ன்னாரு மொதலாளி. "டைமிங் போகுது, சொல்லிட்டேன்!"

கோமதிநாயகம் கழுத்துக் கயித்தைத் தலை வழியா உருவி விசிலை அவரு கையில வச்சாரு. "உங்க பஸ்ஸு மொதலாளி, நீங்க அடிக்கணும்னா அடிங்க. நான் அவன் சொல்லி முடிச்சப்புறம்தான் அடிப்பேன்."

மொதலாளி விசிலை வாய்க்கிட்ட கொண்டு போனாரு. படிக்கட்டுல நிக்கிறவன் கழுத்து நரம்பைப் பாத்தாரு. தினம் தன் கண்ணுல வந்து யாரோ அழுறாங்களே, அது நெனப்பு வந்துச்சோ என்னமோ, விசிலை எறக்கிட்டாரு. வெள்ளைக்குதிரை கண்டக்டரு சண்டைக்கு எறங்கி வந்தவரு, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "என்ன நடக்குது?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "பேசுதாரு, இருங்க"ன்னா பேச்சியக்கா. அவரும் நின்னுட்டாரு.

"த... த... தபால்பெட்டி முக்கு."

யாரும் மூச்சு விடுறதுக்குள்ள தவசிமுத்து நிமிந்தான், முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சு விடுற மாதிரி ஒரு சுண்டு சுண்டுனான், வலது தோளைக் கம்பியில சாச்சான், மூக்கால ஒரு இழுப்பு: "எறங்ங்குறவங்கள்லாம் எறங்ங்கு, ஏறுறவுக எங்க உசுர வாங்காம ஏறு, மு-முன்னாடி போ முன்னாடி போ, அங்க என்ன மா-மாமியா வீடா!"

அச்சு அசல் கோமதிநாயகம். அந்தத் தோளு, அந்த மூக்கு, அடுத்தவனை ஒரு இஞ்ச் கீழ பாக்கற அந்தக் கண்ணு.

பஸ்ஸு வெடிச்சுச்சு. சூசை ஸ்டியரிங்கை அடிச்சு அடிச்சுச் சிரிச்சாரு. இருபத்திரண்டு வருஷத்துல அந்தக் குரல் ஒண்ணைத்தான் அந்தப் பஸ்ஸுல யாரும் பேசிக் காட்டுனதில்ல. கோமதிநாயகமும் சிரிச்சாரு. எல்லாரையும் விட சத்தமா சிரிச்சாரு, தாடை வலிக்கிற வரைக்கும் சிரிச்சாரு. அழுகை வந்திருச்சோன்னு நெனைச்சாரு. கண்ணுல கைய வச்சுப் பாத்தாரு, ஒண்ணும் இல்ல, காஞ்சு கெடந்துச்சு.

"மூணு நிமிஷம்"னாரு மொதலாளி. வாட்ச்சைக் கையில கட்டிக்கிட்டு விசிலை நீட்டுனாரு. "நாளையில இருந்து பஸ் ஸ்டாண்டுல மூணு நிமிஷம் முந்தி எடும்."

தவசிமுத்து ரோட்டுல எறங்கி ரெண்டு எட்டு நடந்தவன் நின்னுட்டான். கன்னத்தைத் தொட்டுப் பாத்தான். ரெண்டு கண்ணுலயும் கரகரன்னு ஓடுது. சிரிச்ச மூஞ்சியோட அப்படியே திரும்பிப் படிக்கட்டைப் பாத்தான்.

"யா... யா..."

என்ன கேக்க வர்றான்னு பஸ்ஸுல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊரு பூரா ஒரு நாளைக்கு நூறு தடவை கேக்கற கேள்விதான். ஒருத்தரும் எடுத்துக் குடுக்கல. கோமதிநாயகம் விசிலைக் கையில பிடிச்சுக்கிட்டு, கம்பியில சாஞ்சு, காத்துக்கிட்டு நின்னாரு.

"யா... யாரோடது?"

"என்னுதுதான்டே"ன்னாரு கோமதிநாயகம். "சாயங்காலம் கடைக்கு வந்து சொல்லுதேன்."

அப்புறம் விசிலை வாயில வச்சு ஊதுனாரு. சுத்தமா, ரெண்டு.